கரிக்குவியலில் கிடக்கும் செல்வம் எவருடையது?

(ஆரையம்பதியில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



நிலக்கரி தோண்டப்படாத நாட்டிலே நிலக்கரிக் கழிவைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்கிறானே என்று உங்களிற் சிலர் வியக்கக்கூடும். ஆரையம்பதிக்கு ஒரு புறம் வாவி; மறு புறம் கடல். கரி எங்கே, நாம் எங்கே என்ற கேள்வி நியாயமானதே. அதற்கு விடை கூறுமுன் உங்கள் வீட்டு வழக்கொன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நெல்லைக் குற்றுவதற்கு ஆலைக்குக் கொண்டு போகிறோம். அரிசி நம்முடையது. அதிலே ஐயமில்லை. உமி யாருடையது? ஒரு காலத்தில் உமி ஆலைக்காரருக்குப் பெருந்தொல்லை. பின்வளவில் மலைபோலக் குவிந்து, காற்றடித்தால் அயலவர் கண்ணிலும் கறியிலும் விழும். “யாராவது அள்ளிக்கொண்டு போனால் புண்ணியம்” என்பார்கள். பின்னர் செங்கற் சூளைக்காரர் காசு கொடுத்து வாங்க வந்தார். அன்றுதொட்டு உமிக்கு ஓர் உடையவர் பிறந்துவிட்டார்! அந்த உடையவர் நெல் விளைவித்த கமக்காரர் அல்லர்; தூசியைத் தின்ற அயலவரும் அல்லர். எவரும் எதையும் எழுதி வைக்காத இடத்தில், பொருள் எவர் வளவில் கிடக்கிறதோ அவருக்கே அது போய்ச் சேரும். கரிக் கழிவின் கதையும் இதுவேதான்.

நிலக்கரியை எரித்தால் மிஞ்சுவது சாம்பல். அதைத் தோண்டும்போது மிஞ்சுவது மேல்மண்ணும், களியும், கழுவுநீரின் சேறும். நூறாண்டுக்கு மேலாக இவை உலகெங்கும் குப்பையென்று கொட்டப்பட்டன. இப்பொழுது விஞ்ஞானிகள் சொல்வது வேறு. உலகத்து நிலக்கரிச் சாம்பலைச் சராசரியாக எடுத்தால், ஒரு தொன்னிலே ஏறத்தாழ 400 கிராம் அருமண் மூலகங்கள் கிடக்கின்றன. மின்சார மோட்டார் வண்டிக்கும் காற்றாலைக்கும் ஏவுகணைக்கும் வேண்டிய காந்தங்கள் இவற்றாலேயே ஆகின்றன. சில வகைக் கரியில் ஜேர்மானியமும் உண்டு; சீனத்தின் யுன்னான் மாகாணத்தில் பழுப்பு நிலக்கரியிலிருந்தே அதைப் பிரித்தெடுக்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் 2024 இல் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டில் அணுகத்தக்க நிலையிலுள்ள சாம்பலில் 1 கோடியே 10 இலட்சம் தொன் அருமண் மூலகங்கள் உள்ளன என்று மதிப்பிட்டது. அந்நாடு கணக்கில் வைத்திருக்கும் சுரங்க இருப்பைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு அது.

இந்தத் திடீர் அக்கறைக்குக் காரணம் விஞ்ஞானம் மாத்திரமன்று. 2023 ஓகஸ்டில் கல்லியம், ஜேர்மானியம் ஆகியவற்றின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தது. 2025 ஏப்பிரலில் ஏழு அருமண் மூலகங்களுக்கும் விதித்தது. அதன்பின் வல்லரசுகள் தத்தம் குப்பைமேட்டைத் திரும்பிப் பார்க்கின்றன. இந்திய அரசும் 2025 ஜனவரியில் 16,300 கோடி ரூபாச் செலவில் முக்கிய கனிமங்களுக்கான தேசியத் திட்டமொன்றை ஏற்றது. சுரங்க மேல்மண், கழிவுச் சேறு, பறக்கும் சாம்பல் ஆகியவற்றிலிருந்து கனிமம் மீட்பதும் அத்திட்டத்தில் அடங்கும்.

இந்தியா என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வரவேண்டிய இடம் நெய்வேலி. கடலூர் மாவட்டத்தில், தமிழ்க் கமக்காரரின் வயலுக்கடியில் கிடக்கும் பழுப்பு நிலக்கரி அது. 1930களில் தமது நிலத்தில் கிணறு தோண்டிய ஜம்புலிங்க முதலியார் அந்தக் கரிய பொருளைக் கண்டார் என்பது வரலாறு. 1956 இல் அரசுக் கூட்டுத்தாபனம் பிறந்தது. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு தோண்டும் வேலையைத் தொடக்கி வைத்தார். கரியின் முகம் தெரிந்தது 1961 ஓகஸ்டில்! நான்கு ஆண்டுகள் அவர்கள் அகற்றியது மண்ணை மாத்திரமே. இன்றும் அங்கே ஒரு தொன் கரிக்கு ஐந்தாறு கன மீற்றர் மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது. அந்த மண்ணே குன்றுகளாக நிற்கிறது. அதன் அடியில் கிடப்பவை ஒரு காலத்து வயல்கள்.

அந்தக் குன்றிலே இப்பொழுது பணம் தெரிகிறது. மேல்மண்ணிலிருந்து கட்டட மணலைப் பிரித்து விற்பதற்கு அந்நிறுவனம் ஆலை நிறுவியுள்ளது. கரியிலும் சாம்பலிலும் அருமண் தேடும் ஆய்வும் நடைபெறுகிறது. நல்லது, நடக்கட்டும். ஆனால் நிலம் கொடுத்தவருக்கு விலை பேசியபோது, மணலுக்கோ அருமண்ணுக்கோ எவராவது ஒரு சதம் கணக்கிட்டாரா? நிலத்தின் விலை புஞ்சையா நஞ்சையா என்று பார்த்துத் தீர்ந்தது. “இது கழிவு” என்று அன்று சொன்ன அதே வாய், “இது கையிருப்பு” என்று இன்று சொல்கிறது. கிரயம் மாத்திரம் பழைய கிரயம்.

காகிதத்தின் வலிமை எத்தகையது என்பதற்கு 2023 யூலையில் வளையமாதேவியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பயிர் நின்ற வயலிலே கால்வாய் வெட்டுவதற்கு இயந்திரங்கள் இறங்கின. “நிலத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துவிட்டோம்” என்பது நிறுவனத்தின் வாதம். உழுதவர் தம் நிலமென்று உழுதுகொண்டிருந்தார். ஏட்டிலே அது எப்பொழுதோ கைமாறிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபா இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பயிருக்கு நீதி ஓரளவு கிடைத்தது. மண்ணைப் பற்றிய பேச்சு அந்த வழக்கில் எழவில்லை, எழ இடமுமில்லை.

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது? ஒரே விடை கிடையாது, அன்பர்களே. கேரளத்தின் மலபார் நிலவுடையார் தொடுத்த வழக்கில், 2013 யூலையில், இந்திய உச்ச நீதிமன்றம் நிலத்தின் சொந்தக்காரருக்கே அடியிலுள்ள கனிமமும் சொந்தம், சட்டமொன்று அதனைப் பறித்தாலன்றி, என்று தீர்த்தது. 2024 யூலையில் ஒன்பது நீதியரசர்கள் அமர்ந்த ஆயத்தில் எட்டுப் பேர், கனிம உரிமைமீது வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்றார்கள். 2015 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, சுரங்கம் உள்ள மாவட்டந்தோறும் ஒரு நிதியம் அமைத்து, றோயல்ற்றி எனப்படும் உரிமைத்தொகையின்மேல் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்க வேண்டும். அந்த நிதியங்கள் செலவிடும் முறைபற்றிக் குறை சொல்வோர் பலர். ஆயினும், கேட்பதற்கு ஓர் இடமாவது உண்டல்லவா?

என் மனத்தை அதிகம் கவர்ந்தது அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியா மாநிலத்துச் சட்டம். அங்கே கைவிடப்பட்ட கரிச் சுரங்கங்களிலிருந்து அமில நீர் வடிந்து ஓடைகளைச் சிவப்பாக்குகிறது. அந்த நீரில் அருமண் மூலகங்கள் கரைந்திருப்பதை அம்மாநிலப் பல்கலைக்கழகத்தார் கண்டார்கள். உடனே எழுந்த வினா, அது எவருடையது என்பதே. 2022 இல் சட்டமன்றம் விடை எழுதியது. அந்நீரைச் சுத்திகரிப்பவர் அதிலிருந்து பெறும் பொருளைத் தமதாக்கி விற்கலாம். உரிமை வேண்டுமா, ஓடையைத் துப்புரவாக்கு! சட்டம் எழுதுவோர் மனம் வைத்தால் இப்படியும் எழுதலாம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் 2011 இலிருந்து படிப்படியாக இயங்கத் தொடங்கி 2014 இல் நிறைவுற்றது. கரி கப்பலில் வருகிறது. சாம்பல் இங்கேயே தங்குகிறது. ஒரு பகுதியைச் சீமெந்து ஆலைகள் வாங்குகின்றன. மிகுதி குவிகிறது, காற்றுக் காலத்தில் தோட்டத்தில் படிகிறது என்பது கற்பிட்டிப் பக்கத்து விவசாயிகளின் நெடுநாள் முறைப்பாடு. அங்கே வெங்காயமும் மிளகாயும் செய்பவர்களிலே தமிழரும் உளர், முஸ்லிம்களும் உளர், சிங்களவரும் உளர். சாம்பல் ஆளைப் பார்த்துப் பறப்பதில்லை.

சம்பூரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2006 இல் மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அவர்கள் விட்டுச்சென்ற நிலத்திலே இந்தியக் கூட்டுடன் 500 மெகாவாட் அனல்மின் நிலையம் எழுமென்றார்கள். வழக்குத் தொடுக்கப்பட்டது. அத்திட்டத்தை மேற்கொள்ளப் போவதில்லையென 2016 செப்டெம்பரில் அரசு உயர் நீதிமன்றத்திற்கு அறிவித்தது. அது நிறைவேறியிருந்தால் கொட்டியாரக் குடாவை அடுத்து இன்று ஒரு சாம்பல்மேடு இருந்திருக்கும். அம்மேட்டின் சொந்தக்காரரிலே சம்பூரான் ஒருவனும் இருந்திருக்க மாட்டான்.

நமது சுரங்கச் சட்டம் 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம். மண்ணின் உரிமை எவருக்கு இருப்பினும், கனிமங்களின் முழு உரிமை குடியரசுக்கே என்கிறது அதன் 26 ஆம் பிரிவு. மலபாரில் எழுந்த வழக்கு மட்டக்களப்பில் எழ முடியாது. கரையோரத்து உறுதிக் காணியாயினும் அதன் மணலிலுள்ள இல்மனைற்று உங்களுடையதன்று. புல்மோட்டைக் கனிம மணலுக்கு 1957 இலேயே கூட்டுத்தாபனம் அமைத்தார்கள். இல்மனைற்று, றூற்றைல், சிர்க்கன் ஏற்றுமதியாயின. அருமண் மூலகங்களும் தோரியமும் கொண்ட மொனசைற்றும் அம்மணலில் உண்டு. திருக்கோவிலிலும் வாகரையிலும் இல்மனைற்று அகழ மற்றவர்கள் வந்தபோது மக்கள் எழுந்து நின்றதை நீங்கள் அறிவீர்கள். நிலத்தடி நன்னீர் கெடும், கடல் கரையை அரிக்கும் என்ற அச்சம் வெறும் பிரமையன்று. வேண்டியதைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் மணல் எங்கே போகும், அதற்குள் என்ன இருக்கும் என்ற கேள்வியும் அதனோடு சேர வேண்டும்.

சாம்பலுக்கோ இந்த 26 ஆம் பிரிவுகூட விடை தருவதாக எனக்குப் படவில்லை. அது இம்மண்ணிலுள்ள கனிமத்தைப் பற்றியது. வேற்றுநாட்டுக் கரியை எரித்த சாம்பலைப் பற்றியதன்று. உமியின் கதைதான். எவர் வளவில் குவிந்திருக்கிறதோ அவருக்கே போகும்.

ஒன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். சாம்பலைப் பொன்னென்று எண்ணி மயங்க வேண்டாம். தொன்னுக்கு 400 கிராம் என்பது அரைக் கிலோவும் இல்லை. அதுவும் கண்ணாடிபோன்ற துகளுக்குள் பூட்டிக் கிடக்கிறது. காரமும் சூடும் அமிலமும் கொண்டு உடைக்க வேண்டும். உடைத்தபின் சாம்பல் மறையாது. அமிலம் குடித்த சேறாக மீண்டும் குவியும். ஆசனிக்கு முதலிய நஞ்சுகளும் கூடவே கரைந்து வெளிவரும். பல நாடுகளில் இது இன்னும் பரிசோதனை ஆலை அளவிலேயே நிற்கிறது. “மீட்பு ஆலை” என்ற பெயரோடு எவரேனும் இக்கரைக்கு வந்தால், மீட்டெடுப்பதைப் பற்றிக் கேட்குமுன் மிஞ்சுவதைப் பற்றிக் கேளுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 ஆம் ஆண்டுச் சட்டம், மூடப்பட்ட சுரங்கக் கழிவிடங்களையும் அவற்றிலுள்ள முக்கிய மூலப்பொருட்களையும் பதிவேட்டில் ஏற்றும்படி உறுப்பு நாடுகளைப் பணிக்கிறது. நமக்கு அத்தகைய பதிவேடு வேண்டும். அது வரும்வரை நாம் கைகட்டி இருக்கத் தேவையில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கேட்பவர் காரணம் கூற வேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு.

இரண்டு விண்ணப்பங்களை எழுதி வந்திருக்கிறேன். ஒன்று நுரைச்சோலை நிர்வாகத்திற்கு: ஆண்டுக்கு எவ்வளவு சாம்பல், எவருக்கு, என்ன விலைக்கு, அது பகுத்தாய்வு செய்யப்பட்டதா, அறிக்கை எங்கே? மற்றது புவிச்சரிதவியல், சுரங்கப் பணியகத்திற்கு: கிழக்குக் கரையில் கனிம மணலுக்கு வழங்கிய அனுமதிகள் எவை, எஞ்சும் மணல்பற்றி அவற்றில் என்ன நிபந்தனை? இரண்டும் தமிழிலேயே உள்ளன. அந்த மேசைமேல் வைத்திருக்கிறேன். எழுதத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டி, விரும்புவோர் தத்தம் பெயரில் தனித்தனியே ஒப்பமிட்டுத் தாருங்கள். திங்கட்கிழமை பதிவுத்தபாலில் அனுப்பிவிடுவேன்.