ஈவார் முகமும் ஏற்பார் முகமும்



ஈகையைப் பேசும்போதெல்லாம் தமிழுலகம் கொடுத்தவர் பக்கமே நின்று பேசியிருக்கிறது. முல்லைக்குத் தேர் ஈந்தான் பாரி. மயிலுக்குப் போர்வை அளித்தான் பேகன். கொடுத்தவர் பெயர் நிலைத்தது. ஏற்ற கை என்ன எண்ணியது என்று கேட்டவர் மிகக் குறைவு. அக்கேள்விக்கு ஏற்ற கையே விடை எழுதி வைத்த இடம் ஒன்று உண்டு. பெருஞ்சித்திரனார் முதிரமலைத் தலைவன் குமணனைப் பாடிய புறநானூற்றுப் பாடல்களே அவை.

159ஆம் பாடலில் புலவரின் இல்லம் கண்முன் விரிகிறது. கோலூன்றி நடக்கும் முதிய தாய், சாவு வரவில்லையே என்று நோகிறாள். மனைவி குப்பையில் முளைத்த கீரையின் இளந்தளிரைக் கிள்ளி, உப்பும் மோரும் இன்றி அவித்து உண்கிறாள். இத்துணை வறுமையிலும் புலவர் ஒரு நிபந்தனை விதிக்கிறார். மனமின்றித் தருவது யானையே ஆயினும் வேண்டா. உள்ளம் உவந்து, இன்புற்றுத் தருவதாயின் குன்றிமணி அளவும் போதும் என்கிறார்.

பசித்திருப்பவர் பொருளின் அளவை அல்லவா கேட்க வேண்டும்? கொடுப்பவன் மகிழ்ச்சியை ஏன் கேட்கிறார்? காரணம் உண்டு. கொடுப்பவன் முகம் சுருங்கினால், ஏற்பவன் தன்னைச் சுமையாக உணர்கிறான். அம்முகம் மலர்ந்தால், தன் வருகை அவனுக்கும் நன்மை செய்ததென உணர்ந்து தலைநிமிர்கிறான். ஆகவே ஈவோனின் இன்பம் அவனுக்குக் கிடைக்கும் தனிப் பரிசு மட்டும் அன்று. ஏற்போனின் மானத்துக்கு அதுவே காவல்.

வள்ளுவர் இதனை மறுபுறம் நின்று காண்கிறார். ஈகை அதிகாரத்தின் 224ஆம் குறள், இரந்து வந்தவரின் இனிய முகத்தைக் காணும்வரை கொடுப்பவனுக்கும் துன்பமே என்கிறது. புலவர் ஈவான் முகத்தைப் பார்க்கிறார். வள்ளுவரின் ஈவானோ ஏற்பவர் முகத்தைப் பார்த்து நிற்கிறான். இரண்டு முகங்களும் ஒன்றையொன்று எதிர்நோக்குகின்றன.

குமணன் கொடுத்தான். புலவர் செல்வத்தோடு வீடு திரும்பினார். 163ஆம் பாடலில் மனைவியிடம், என்னைக் கேளாமலே எல்லோர்க்கும் கொடு என்கிறார். அங்கே வரும் பட்டியலில் குறியெதிர்ப்பை தந்தோரும் இடம்பெறுகின்றனர். குறியெதிர்ப்பை என்பது அளவு குறித்து வாங்கி, அதே அளவில் திருப்பித் தருவது. பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி கைமாற்றாக வாங்கும் வழக்கம் அதன் தொடர்ச்சியே. ஈகை அதிகாரத்தின் முதற்குறள் இதனை ஈகையென ஏற்பதில்லை. இலக்கணப்படி அது சரியே. ஆயினும், கீரை அவித்து உண்ணும் வீட்டுக்கு அளந்து கொடுத்தவர்களுக்கு அது திரும்பி வரும் என்னும் உறுதி ஏது? கணக்கில் அது கடன். நெஞ்சில் அது ஈகை. குமணன் பெயரைப் பாட்டு காத்தது. அந்த அண்டை வீட்டார் பெயரில்லாதவர்கள். ஆனால் குமணனின் செல்வம் வரும்வரை ஒரு குடும்பத்தின் உயிரைக் காத்தவர்கள் அவர்களே.

இந்த மரபு ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய வள்ளலார், சாதியும் சமயமும் கேளாமல் பசித்தவர்க்கு உணவளிக்க வழிசெய்தார். சீவகாருணிய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலில், உண்டவரின் நிறைவையும் ஊட்டியவரின் நிறைவையும் அவர் ஒருங்கே வைத்துப் பேசுகிறார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது.

இன்று உதவிகள் குறைந்துவிடவில்லை. உதவும் முறை மாறியிருக்கிறது. ஒரு பையை ஐந்து கைகள் பிடித்திருக்க, நடுவில் தலைகுனிந்து நிற்கும் ஏழையோடு படம் எடுக்கப்படுகிறது. அப்படத்தில் கொடுப்பவர்கள் ஒளிப்படக் கருவியைப் பார்க்கிறார்கள். ஏற்பவர் முகத்தைப் பார்ப்பதில்லை. ஈத்துவக்கும் இன்பம் அந்த இடத்தில்தான் தொலைகிறது. வங்கியில் படிவம் நிரப்பத் தெரியாத முதியவருக்கு எழுதித் தருபவர், தனித்திருக்கும் நோயாளியின் அருகில் அரைமணி நேரம் அமர்ந்திருப்பவர், முதற்கவிதையை நடுங்கும் கையோடு நீட்டும் இளைஞனின் வரிகளைப் பொறுமையாகப் படித்துத் திருத்துபவர் ஆகியோர் அவ்வின்பத்தை விளம்பரமின்றி அடைகின்றனர்.

பத்தாண்டு நிறைந்த ஓர் இலக்கிய வட்டம், அரங்கேறிய கவிதைகளை எண்ணிப் பார்ப்பது இயல்பு. அவற்றோடு, யார் யார் இங்கே முகம் மலர்ந்து சென்றனர் என்றும் எண்ணிப் பார்க்கலாம். பெருஞ்சித்திரனார் கேட்டது குன்றிமணி அளவே. அதனை உவந்து கொடுக்க இயலாத வறியவர் உலகில் எவரும் இலர்.