நமது நிறம் எங்கிருந்து வந்தது?



"வெயிலுக்குள் நிற்காதே, கறுத்துப்போவாய்" என்பது இக்கரையில் வளர்ந்த நாமெல்லோரும் கேட்ட சொல். உப்பளமும் கடலும் உள்ள ஊரில் வெயிலுக்கு எங்கே ஒளிப்பது? வெயிலில் கறுத்தது சில கிழமைகளில் மங்கிவிடும். பிறந்த நிறத்தின் கதை வேறு.

சிம்பன்சியின் உரோமத்துக்குக் கீழே தோல் வெளிறியே இருக்கும். நமது ஆதி முன்னோருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆபிரிக்காவில் உரோமம் குறைந்து, வியர்வையால் உடலைக் குளிர்விக்கத் தொடங்கியபோது வெற்றுத் தோலுக்குக் காவல் வேண்டியிருந்தது. அதுதான் மெலனின். கடும் வெயில் உடலிலுள்ள போலேற்றை அழிக்கும். கறுத்த தோல் அதைக் காக்கும் என்பது 2000ஆம் ஆண்டில் நீனா ஜப்லொன்ஸ்கியும் ஜோர்ஜ் சப்ளினும் தந்த விளக்கம். கிளினிக்கில் நமக்குத் தந்த போலிக் அமிலக் குளிசை இதே சத்துத்தான். அது குறைந்தால் சிசுவின் முள்ளந்தண்டு சரியாக மூடாது போகலாம். நாம் குறையென்று நினைத்த நிறம் பிள்ளைப்பேற்றைக் காத்த நிறம். வெயில் குறைந்த வடக்கே போனவர்களுக்கு விற்றமின் டி போதாமற்போக, அங்கே வெளிர்தோல் உதவியது.

புத்தளத்தை அடுத்த சிராம்பியடியில் வாழும் காப்பிரி மக்களின் மஞ்சா பாட்டுக்குக் கைதட்டிவிட்டு, அவர்களை வேற்றாட்களாகவே பார்த்திருக்கிறோம். அவர்களுடைய முன்னோரை ஐரோப்பியர் அடிமைகளாகவும் படையாட்களாகவும் கப்பலில் கொண்டுவந்தது சில நூறு ஆண்டுகளுக்கு முன். நமது முன்னோரும் அதே கண்டத்திலிருந்து புறப்பட்டவர்கள்தான், மிக முந்தி, கால்நடையாக. பாகியன்கல குகையில் மனிதர் வாழ்ந்த தடயங்கள் ஏறத்தாழ 48,000 ஆண்டுப் பழைமையானவை. அந்நாளில் கடல்மட்டம் தாழ்ந்து, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே தரை இருந்தது.

ஒரே வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று கறுப்பு, ஒன்று பொதுநிறம் என்று தாய்மார் குழம்புவதுண்டு. நிறத்தைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அவற்றில் எஸ்எல்சி24ஏ5 என்பதன் வெளிர்நிற வடிவம் ஐரோப்பியரிடமும் தெற்காசியரிடமும் ஒரே மூலத்திலிருந்து வந்ததென 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. சீட்டுக் குலுக்குவதுபோல ஒரு பிள்ளைக்கு விழும், மற்றதற்கு விழாது. குங்குமப்பூ குடித்து மாற்ற முடியாது.

ஆனால் கல்யாணப் பேச்சில் நிறம் கேட்கிறோம், கேட்கவும் விடுகிறோம். அதனால் பிள்ளைகள் வெளுப்புக் களிம்பு தேடிப் போகிறார்கள். சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது மெலனினைத் தடுக்கும், தோலினூடே இறங்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சிலவற்றில் ஸ்டீரொயிட் கலந்து தோலை மெலியச் செய்யும். உள்ளடக்கம் எழுதாத களிம்பை வீட்டில் கண்டால் பிள்ளையை ஏசாமல் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். களிம்பையும் கொண்டுபோங்கள். முகமும் காலும் வீங்கும்வரை காத்திராமல் சிறுநீரைப் பரிசோதியுங்கள்.