பள்ளிக்கூடத்துக் கணக்கும் முந்திரிக்காட்டுக் கணக்கும்

(இந்த வட்டாரத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து எழுதி, கந்தர்வக்கோட்டையில் விவசாயத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் கூடியிருந்த மாலைக் கூட்டத்தில் அவர்களில் ஒருவர் ஆற்றிய உரை.)



பகலெல்லாம் வெயிலில் பாடுபட்டுவிட்டு, வீட்டில் உலை வைக்கிற நேரத்தில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதிக நேரம் பிடித்துவைக்க மாட்டோம்.

முதலில் ஒரு விஷயம். இங்கே நின்று பேசுவது ஒருவர்தான். ஆனால் பேசப்போவது, இவ்வாண்டு வேலைக்கு வந்த நாலைந்து பேர் ஒன்றாக உட்கார்ந்து, வாதாடி, எழுதிக்கொண்டு வந்தது. ஆகவே 'நான்' என்று சொல்லாமல் 'நாங்கள்' என்றே சொல்கிறோம். எங்களில் ஒருவர் செய்த தவறும் எல்லோருடைய தவறுதான் என்று முடிவு செய்துகொண்டு வந்திருக்கிறோம்.

ஏப்ரல் முடிகிறது. பரீட்சை நடத்தி, வருகைப் பதிவேட்டைக் கூட்டிப்போட்டுக் கையெழுத்திட்டுவிட்டோம். காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. எல்லாக் குழந்தைகளும் அடுத்த வகுப்புக்குத் தேர்ச்சி! ஆனால் காகிதத்தில் ஏறாத கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. அதை மேலே இருப்பவர்கள் கேட்கவில்லை. உங்களிடம்தான் ஒப்புவிக்க வேண்டும். ஏனென்றால் அது உங்கள் பிள்ளைகளின் கணக்கு.

நாங்கள் வேலைக்கு வந்த கதை நீளமானது, சுருக்கமாகச் சொல்கிறோம். தகுதித் தேர்வில் தேறிவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்துக் கிடந்தவர்கள் எங்களில் உண்டு. ஒருவர் துணிக்கடையில் நின்றார். ஒருவர் தனியார் பள்ளியில், சித்தாள் வாங்குகிற கூலியில் பாதிக்குப் பாடம் சொன்னார். 2024 ஜூலையில் மறுபடியும் ஒரு தேர்வு எழுதி, 2025 ஜூலையில்தான் நியமன ஆணை கைக்கு வந்தது. வகுப்பில் கால் வைத்தபோது பள்ளி திறந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது.

எங்களில் இரண்டு பேர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள். வாய்க்கால் கரையில் வளர்ந்தவர்கள். கந்தர்வக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் செம்மண், முந்திரிக்காடு, தைலமரக்காடு! இதுவும் ஒரு காலத்தில் தஞ்சை ஜில்லாவில் இருந்த ஜமீன் பூமிதான். 1974ல் புதுக்கோட்டை ஜில்லா உண்டானபோது அதில் சேர்ந்தது. இந்த மானாவாரி மண்ணின் மாதக் கணக்கு எங்களுக்குத் தெரியாது. எந்த மாதம் வேலை உண்டு, எந்த மாதம் அடுப்பு எரியாது என்று தெரியாது. தெரியாமல்தான் வாத்தியார் வேலைக்கு வந்தோம்.

வந்த முதல் நாள் கண்டது என்ன? ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. சட்டம் தலையை எண்ணியது, வகுப்பை எண்ணவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று ஒருவரிடம். நாலும் ஐந்தும் மற்றவரிடம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கையைப் பிடித்து 'அ' போட வைக்கும்போது மூன்றாம் வகுப்புப் பிள்ளை, 'டீச்சர், முடிச்சிட்டேன்' என்று சிலேட்டைக் கொண்டுவந்து நீட்டும். அதைத் திருத்தித் தலை நிமிர்ந்தால் 'அ' போட்ட பிள்ளை வாசலில் நாய்க்குட்டியோடு நிற்கும். தலைமை ஆசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். இதற்கு நடுவில் வருகைப் பதிவைச் செல்போனில் ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்காத பள்ளியில், எங்களில் ஒருவர் தினமும் காலையில் வேப்பமரத்து மேடைமேல் ஏறிக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். பிள்ளைகளுக்கு அது அன்றாட வேடிக்கை.

'எண்ணும் எழுத்தும்' என்று 2022ல் கொண்டுவந்த திட்டத்தில், பிள்ளைகளை வயதைப் பார்க்காமல், படிக்கிற நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறோம். முறை நல்ல முறைதான். குறை சொல்ல வரவில்லை. ஆனால் அரும்பு எது, மொட்டு எது என்று பார்த்து உட்கார வைக்கவே ஆள் வேண்டுமல்லவா? மூன்றாம் வகுப்பு முடித்தும் கூட்டெழுத்துப் படிக்கத் திணறுகிற பிள்ளைகள் மூன்று பேர் எங்களிடம் இருக்கிறார்கள். தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அது எங்கள் நெஞ்சில் கிடக்கிறது.

இனி, சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறோம்.

மாசி பிறந்ததும் பதிவேட்டில் வராதவர்கள் கூடினார்கள். பங்குனியில் இன்னும் கூடினார்கள். எங்களுக்கு என்ன தோன்றியது தெரியுமா? உள்ளதைச் சொல்கிறோம், கோபித்துக்கொள்ள வேண்டாம். 'படிப்பின் அருமை தெரியாத ஜனங்கள்' என்று தோன்றியது. மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, எங்களுக்குள் அப்படியே பேசியும் இருக்கிறோம். கூலிக்கார வீட்டிலிருந்து படித்து வந்தவர்கள் எங்களில் இருந்தும், அப்படிப் பேசினோம்! நியமன ஆணை கைக்கு வந்த எட்டு மாதத்தில் மனம் எங்கே போய் உட்கார்ந்துவிட்டது பாருங்கள்!

அந்தச் சமயத்தில் ஒரு சம்பவம். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன். கணக்கு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினான். நோட்டில் கறுப்புக் கறுப்பாக விரல் அடையாளம். கையைத் திருப்பிப் பார்த்தால் விரலெல்லாம் கறுப்பு. எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, 'இந்தக் கையோடா பள்ளிக்கூடத்துக்கு வருவே? போய்க் கழுவிட்டு வா!' என்று சத்தம் போட்டோம். பிள்ளைகள் சிரித்தார்கள். பையன் குழாயடிக்குப் போனான். தேய்த்தான். திரும்பி வந்து கையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பதிவேட்டில் ஒன்பது நாள் தொடர்ந்து வராத குறி விழுந்தது.

பத்தாம் நாள் தேடிக்கொண்டு போனோம். ஆதனக்கோட்டைப் பக்கம் சாலையோரம், கீற்றுக் கொட்டகைக்குக் கீழே அவன் தாய் முந்திரிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் புகை. பக்கத்தில் உட்கார்ந்து பையன் கொட்டையைத் தட்டி உடைத்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து ஓடிவிட்டான். அந்த அம்மா சொன்னார்:

"அது அழுக்கு இல்லங்க டீச்சர். கொட்டை ஓட்டுல இருக்கிற எண்ணெய். சாம்பலைப் பூசிக்கிட்டுத்தான் உடைக்கிறோம், இருந்தும் புடிச்சிக்கும். எத்தனை கழுவினாலும் போகாது. தோலு உரிஞ்சாத்தான் போவும்."

சொல்லிவிட்டுத் தம் கையை நீட்டிக் காட்டினார். தோழர்களே, அந்தக் கையில் ரேகை இல்லை. எங்களைத் திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை. எங்கள் கையில் ஒரு பிடி பருப்பை வைத்தார்.

அன்றைக்கு அவரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். நாலு கிலோ கொட்டை உடைத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ பருப்பு கிடைக்கும். உடையாத முழுப்பருப்புக்கு ஒரு விலை, உடைந்ததற்கு வேறு விலை. 2018 நவம்பரில் கஜா புயலில் காய்த்த மரங்கள் சாய்ந்தபிறகு வரத்துக் குறைவு. வருஷத்தில் காசு கண்ணில் படுவது இந்த இரண்டு மூன்று மாதம்தான். அதில் இரண்டு சின்னக் கைகள் கூட உழைத்தால் கடன்காரனுக்கு ஒரு பதில் சொல்லலாம். இதுதான் பதிவேட்டில் நாங்கள் போட்ட வராத குறியின் அர்த்தம்!

சட்டம் என்ன செய்கிறது? பதினாலு வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைக்கக்கூடாது என்கிறது. 2016ல் அதைத் திருத்தி, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவி செய்யலாம் என்று ஒரு வாசல் வைத்தார்கள். குடும்பம் செய்வது சொந்தத் தொழிலா? கொட்டை வியாபாரியுடையது. விலை வைப்பவர் அவர். புகையும் கையும் மட்டும்தான் குடும்பத்துக்குச் சொந்தம்.

பையன் திரும்ப வந்தான். சும்மா வரவில்லை. எங்களில் தவறு செய்தவர் வகுப்புக்கு முன்னால் நின்று, 'அன்னைக்கு நான் பேசினது தப்பு' என்று சொன்னபிறகு, தலையைக் குனிந்துகொண்டே பெஞ்சியில் உட்கார்ந்தான். பாடப் புத்தகத்து வகுத்தல் கணக்கில் தடுமாறியவன் அவன். 'இருபது கிலோ கொட்டைக்கு எத்தனை கிலோ பருப்பு?' என்று கேட்டோம். கேள்வி முடியுமுன் 'அஞ்சு' என்றான். 'சொத்தைக் கொட்டை இருந்தா அஞ்சு வராது டீச்சர்' என்று எங்களுக்குப் பாடமும் சொன்னான்.

இந்தச் சம்பவத்தை எங்கள் தலைமை ஆசிரியர்களில் ஒருவரிடம் சொன்னோம். ஓய்வு பெறுகிற வயதுக்காரர். 2003 ஜூலையில் சுமார் 1,70,000 ஆசிரியர்களையும் ஊழியர்களையும் ஒரே வீச்சில் வேலையை விட்டு நீக்கினார்களே, அதில் அவரும் ஒருவர். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்: 'எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?' இத்தாலி தேசத்தில் பார்பியானா என்ற மலைக்கிராமத்துக் குடியானவர் வீட்டுப் பையன்கள் எட்டுப் பேர் சேர்ந்து எழுதியது, 1967ல் வெளிவந்தது. பள்ளிக்கூடம் தள்ளிவிட்ட பையன்கள் அவர்கள். லோரன்சோ மிலானி என்ற பாதிரியார் அவர்களைச் சேர்த்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பையன்கள் என்ன செய்தார்கள்? புள்ளி விவரங்களைச் சேகரித்து, எந்த வீட்டுப் பிள்ளைகள் பெயிலாகிறார்கள், எந்த வீட்டுப் பிள்ளைகள் தேறுகிறார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். விடை உங்களுக்கே தெரியும். அங்கே காரணம் பிள்ளையின் மூளையில் இல்லை. தகப்பன் செய்கிற வேலையில் இருந்தது. கடல் தாண்டி எழுதிய கடிதம், கந்தர்வக்கோட்டையில் எங்கள் விலாசத்துக்கு வந்து சேர்ந்தமாதிரி இருந்தது. எங்களிடம் யாரும் பெயிலாவதில்லை. இங்கே பிள்ளைகள் பெயிலாகாமலே நின்று போகிறார்கள்.

அருமை தெரியாத ஜனங்கள் என்று நினைத்தோமே, அதற்கும் பதில் கிடைத்தது. ஒரு பெண்பிள்ளையின் அப்பத்தா பள்ளிக்கு வந்தார். பேத்தியின் மதிப்பெண் அட்டையில் கைரேகை வைக்க மைப்பெட்டியை எடுத்தோம். 'பேனா இல்லையா டீச்சர்?' என்று கேட்டார்! 1991ல் அறிவொளி இயக்கம் இந்த ஜில்லாவில் நடந்தபோது படித்தவராம். அதை இங்குள்ள தாய்மார்களுக்கு நாங்கள் சொல்லவேண்டியதில்லை. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். பகலில் கல்லுடைத்தவர்களும் களை எடுத்தவர்களும் ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த தொண்டர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள். அந்த அப்பத்தா தம் பெயரை நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதிக் கீழே ஒரு கோடும் போட்டார். மைப்பெட்டியை மூடிவைத்தோம்.

அந்தப் பேத்தியைப் பற்றித்தான் கடைசியாகப் பேச வேண்டும்.

ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். ஆறாம் வகுப்புக்கு வேறு ஊர்ப் பள்ளிக்குப் போக வேண்டும். போவாளா? இதுவரை பள்ளிக்கு வந்தால் காலையில் பொங்கலோ உப்புமாவோ கிடைத்தது. 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டு 25 முதல் எல்லா அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கும் வந்த காலைச் சிற்றுண்டித் திட்டம் அது. அதனால் பிள்ளைகள் நேரத்துக்கு வருகிறார்கள், பதினோரு மணிக்குத் தலை சுற்றி விழுவதில்லை, கண்ணால் கண்டோம். ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு என்று வகுத்த திட்டம். பிள்ளை வளரும்போது பசியும் வளராதா? மத்தியானச் சாப்பாடு அங்கேயும் உண்டு. காலையில் வெறும் வயிற்றோடு, பஸ் வந்தால் பஸ்ஸில், வராவிட்டால் நடந்து, தைலமரக்காட்டு ஓரமாக ஒரு பத்து வயதுப் பெண் தனியாகப் போக வேண்டும். தாய் நடவுக்கு வேன் ஏறி டெல்டாவுக்குப் போகிற நாளில், கைப்பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வியும் இருக்கிறது. ஒரு வாரம் நின்றால் ஒரு மாதம் நிற்கும். ஒரு மாதம் நின்றால் அப்புறம் பள்ளிக்கூடம் இல்லை.

பிறகு என்ன நடக்கும் என்பதை இங்கே உட்கார்ந்திருக்கும் ஆலைத் தொழிலாளத் தோழர்கள் எங்களைவிட நன்றாகச் சொல்வார்கள். நாலு வருஷம் கழித்து ஏஜெண்டு வருவான். 'மூணு வருஷம் கோயமுத்தூர், திருப்பூர்ப் பக்கம் மில்லுக்குள்ளேயே தங்கி வேலை செய்யட்டும், கல்யாணத்துக்கு மொத்தமாப் பணம்' என்பான். சுமங்கலித் திட்டம் என்று மங்கலமாகப் பெயர் வைத்து, தென் ஜில்லாக்களிலிருந்து எத்தனை பெண்களைக் கொண்டுபோனார்கள்! பஞ்சுத் தூசியை விழுங்கிக்கொண்டு, கதவுக்கு வெளியே போக அனுமதி இல்லாமல் கிடந்தார்களே! வயதைக் கேட்டால் ஏஜெண்டு சொல்லுகிற வயதுதான். பள்ளிக்கூடப் பதிவேட்டில் பெயர் இருக்கிற பெண்ணை அவ்வளவு சுலபமாகக் கொண்டுபோக முடியாது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது. பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். கூட்டம் வேலைநாளில் வைத்தால் உங்களுக்கு ஒரு நாள் கூலி போகிறது. ஆகவே நீங்கள் வருவதில்லை. கையெழுத்து மட்டும் வீட்டுக்கு வந்து வாங்கப்படுகிறது. இனி அப்படி வேண்டாம். இருட்டியபிறகு பள்ளி வாசலில் விளக்கைப் போட்டு உட்காருவோம். நாங்கள் கடைசி பஸ்ஸுக்குப் போகிறோம். ஐந்து வகுப்புக்கு ஐந்து ஆசிரியர் வேண்டும், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் காலைச் சாப்பாடு வேண்டும், பிள்ளைகள் போகிற நேரத்துக்கு பஸ் வேண்டும் என்று அந்தக் குழுவின் தீர்மானமாக எழுதுவோம். நாங்கள் மட்டும் எழுதினால் அது வாத்தியார் மனு. உங்கள் கையெழுத்தோடு, உங்கள் சங்கம் பின்னால் நின்று எழுதினால் அதன் கனம் வேறு.

சர்க்கார் கொடுக்கிறவரை காத்திருக்க முடியாத காரியம் ஒன்றும் உண்டு. இவ்வாண்டு எங்கள் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே கூட்டமாக நடந்து போகட்டும். முதல் பதினைந்து நாள் ஊருக்கு ஒருவர் கூடப் போய் விட்டுவரவேண்டும். யார் யார் என்று இன்றைக்கே பெயர் கொடுங்கள். எழுதிக்கொள்ள நோட்டு கொண்டுவந்திருக்கிறோம். கைப்பிள்ளை இருக்கிற வீடு எது எது என்று பட்டியல் போட்டு, அங்கன்வாடியில் சேர்ப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

மாற்றுச் சான்றிதழ்களை எழுதி வைத்துவிட்டோம். பாதிப் பேர் வந்து வாங்கிப் போய்விட்டார்கள். அந்த அப்பத்தாவின் பேத்தியுடையது மேஜை அறையில் இருக்கிறது. அவளுடைய தகப்பனார் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். நாளைக் காலை ஒன்பது மணியிலிருந்து பள்ளிக்கூடம் திறந்திருக்கும்.