குடும்ப வானும் எரிபொருட் கணக்கும்



நம் முன்னோர் வண்டில் மாடு வாங்கச் சந்தைக்குச் சென்றால், மாட்டின் நிறத்தைக் கண்டு மயங்கி விலை பேசுவதில்லை. பல்லைப் பிடித்து வயதறிவார்கள், நடக்கவிட்டுக் காலின் உரம் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இம்மாடு எவ்வளவு தின்னும், எவ்வளவு இழுக்கும் என்று தமக்குள் ஒரு கணக்குப் போடுவார்கள். இன்று வண்டிலின் இடத்தை வான் பிடித்துக்கொண்டது. ஆனால், அந்தக் கணக்கு மட்டும் நம்மைவிட்டு நழுவி வருகின்றது.

ஓர் ஆசிரியர் முப்பது, முப்பத்தைந்து ஆண்டு உழைத்து ஓய்வு பெறுகின்றார். பணிக்கொடை கைக்கு வருகின்றது. கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் குடும்பத்துடன் செல்லலாம், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சிறு வருவாயும் தேடலாம் என்று எண்ணி, அப்பணத்தில் ஒரு வான் வாங்குகின்றார். எண்ணம் நல்லதே. ஆயினும், வாழ்நாட் சேமிப்பு ஒரே நாளில் கைமாறும் இவ்விடயத்தில், வண்டியின் விலையை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கே. வாங்கும் விலையை ஒரு தடவை கொடுக்கின்றோம். ஓட்டும் விலையை ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் கொடுக்கின்றோம். இன்று நான் கூற விரும்புவது இந்த இரண்டாவது விலையைப் பற்றியே.

முதலில் எழ வேண்டிய வினா எந்த வான் என்பதன்று. எத்தனை பேர், எவ்வழியில், ஆண்டுக்கு எவ்வளவு தூரம் என்பதே. நம் நாட்டு வீதிகளில் இருவகை வான்களைப் பெரும்பாலும் காண்கின்றோம். ஒன்று, யப்பானில் 'கேய்' என வழங்கும் சிறுவகை. சுசுக்கி எவ்ரி, டைஹட்சு ஹைஜெற் முதலியன அவ்வினத்தவை. யப்பானியச் சட்டம் இவ்வகைக்கு 660 சீ.சீ. இயந்திரமும், 3.4 மீற்றர் நீளமும், நால்வருக்கான இருக்கையுமே எல்லையாக வகுத்துள்ளது. மற்றையது, 1967 ஆம் ஆண்டில் அறிமுகமான டொயோட்டா ஹயேஸ் போன்ற பெருவகை. நம்மவர் 'டொல்பின்' என்றும் 'கே.டி.எச்.' என்றும் பெயரிட்டு அழைப்பன அதன் பிற்காலத் தலைமுறைகளே.

ஒழுங்கைகளில் ஓடிச் சந்தைக்கும் பாடசாலைக்கும் சென்றுவரும் நால்வர் குடும்பத்துக்குச் சிறுவகை போதும். ஆனால், அதிலே எட்டுப் பேரையும் பொதிகளையும் ஏற்றி யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஓட்டினால், அச்சிறு இயந்திரம் ஓயாமல் உச்ச வேகத்திற் சுழன்று, சிக்கனம் என்ற தன் சிறப்பையே இழந்துவிடும். அவ்வாறே, ஒருவர் மட்டும் ஏறி அலுவலகம் செல்லப் பெரிய வானை வைத்திருப்பது, ஒரு கடகம் நெல்லை ஏற்ற இரட்டை மாட்டு வண்டில் பூட்டியதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது வினா, பெற்றோலா டீசலா என்பது. பெற்றோல் இயந்திரத்தில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவையைப் பிளக்கின் தீப்பொறி பற்றவைக்கின்றது. டீசல் இயந்திரத்திலோ தீப்பொறி இல்லை. காற்றை மிக இறுக்கி, அதனாற் பிறக்கும் வெப்பத்திலே எரிபொருளைப் பீய்ச்ச, அது தானே பற்றிக்கொள்கின்றது. ருடோல்வ் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர் 1897 ஆம் ஆண்டில் ஆக்ஸ்பேர்க் நகரில் இவ்வியந்திரத்தை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். பெற்றோல் இயந்திரம் கலவையைச் சுமார் பத்தில் ஒரு பங்காக இறுக்க, டீசல் இயந்திரம் காற்றை ஏறத்தாழப் பதினைந்து முதல் இருபதில் ஒரு பங்குவரை இறுக்குகின்றது. அத்துடன், ஒரு லீற்றர் டீசலில் அடங்கிய வெப்ப ஆற்றல் ஒரு லீற்றர் பெற்றோலிலுள்ளதைவிட ஏறத்தாழப் பத்திலொரு பங்கு அதிகம். ஆகவே, டீசல் வான் அதே லீற்றருக்குக் கூடிய தூரம் ஓடுகின்றது. சுமையுடன் மலைநாட்டு ஏற்றங்களிலும் தளராது செல்கின்றது. ஆனால், அவ்வளவு அழுத்தத்தைத் தாங்க உறுதியான பாகங்கள் வேண்டும். அதனால் வண்டியின் விலையும் பழுது பார்க்கும் செலவும் ஏறுகின்றன.

இதனை ஓர் எளிய கணக்காற் காண்போம். கணக்கின் வசதிக்காக இரண்டு எரிபொருளும் லீற்றர் 300 ரூபா என வைத்துக்கொள்வோம். பெற்றோல் வான் லீற்றருக்கு 10 கிலோமீற்றரும், டீசல் வான் 12 கிலோமீற்றரும் ஓடுமாயின், கிலோமீற்றருக்கு முன்னையதில் 30 ரூபா, பின்னையதில் 25 ரூபா. மிச்சம் 5 ரூபா. டீசல் வான் ஆறு இலட்சம் ரூபா அதிக விலையென்றால், ஆண்டுக்கு 30,000 கிலோமீற்றர் ஓடுபவருக்கு நான்கே ஆண்டில் அம்மேலதிக விலை மீண்டுவிடும். ஆண்டுக்கு 6,000 கிலோமீற்றர் மட்டும் ஓடுபவருக்கோ இருபது ஆண்டு செல்லும்! அதற்குள் வண்டியே முதுமையெய்திவிடும். ஆகவே, டீசல் சிக்கனமானது என்பது எல்லாருக்கும் பொதுவான உண்மையன்று. நெடுந்தூரம் ஓடுபவருக்கே அது உண்மை. இக்கணக்கில் உங்கள் ஊரில் அன்றன்று நிலவும் விலைகளை இட்டு நீங்களே விடை காணலாம்.

எரிபொருள் விலை நம் கையில் இல்லை என்பதை 2022 ஆம் ஆண்டு நமக்கு நன்கு உணர்த்தியது. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாகவும், ஒட்டோ டீசல் 460 ரூபாவாகவும் உயர்ந்தன. வரிசைகளில் நாட்கணக்காகக் காத்திருந்தோம். வடபகுதி மக்களுக்கோ இதனினும் கடிய அநுபவம் உண்டு. 1990 ஆம் ஆண்டின் பின்னர் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில், ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய கார்களைச் சிறிது பெற்றோலிற் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அவ்வியந்திரங்கள் கலவையைக் குறைவாகவே இறுக்குபவை, ஆதலாற் பொறுத்துக்கொண்டன. இன்றைய இயந்திரங்களுக்கு அப்பொறுமை இல்லை. புதிய டீசல் வான்களிலே எரிபொருட் பம்பி, தன்னூடாகச் செல்லும் டீசலையே மசகாகக் கொண்டு, வளியமுக்கத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் இயங்குகின்றது. கலப்பட டீசல் அதற்கு நஞ்சு. நம்பிக்கையான நிலையத்திலன்றிப் பிற இடங்களில் மலிவு நாடி எரிபொருள் வாங்குவது, பின்னர் பெரும் பழுதில் முடியலாம்.

விற்பவர் கூறும் சிக்கனக் கணக்கை வேதவாக்காகக் கொள்ளவேண்டாம். நீங்களே அளந்தறியும் வழி எளிது. தாங்கியை நிரப்பித் தூரமானியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வழமைபோல் ஓட்டி, அதே நிலையத்தில் மீண்டும் நிரப்புங்கள். 420 கிலோமீற்றர் ஓடிய பின் 35 லீற்றர் பிடித்தால், லீற்றருக்கு 12 கிலோமீற்றர். இதனை ஒரு கொப்பியில் தொடர்ந்து எழுதிவந்தால், சிக்கனம் குறையும் மாதத்திலேயே நோயையும் அறியலாம்.

வாகன இறக்குமதி 2020 மார்ச் முதல் நிறுத்தப்பட்டிருந்தது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வான்களே கைமாறிக் கைமாறி வந்தன. அத்தகைய வானைப் பார்க்கச் செல்வோர், இயந்திரம் குளிர்ந்திருக்கும் காலை வேளையிற் செல்வது நன்று. முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், கிளப்புவதிலுள்ள குறை மறைந்துவிடும். நீலப் புகை, எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை, எரிபொருள் முற்றாக எரியாமையைக் காட்டும். எண்ணெய் மூடியின் உட்புறத்தில் பால்போன்ற படிவு காணின், நீர் எண்ணெயுடன் கலந்துள்ளதோ என ஐயுற வேண்டும். தூரமானி குறைந்த எண்ணைக் காட்ட, மிதிகட்டைகளின் இறப்பர் தேய்ந்து மழுங்கியிருந்தால், மிதிகட்டையையே நம்புங்கள். கடலோர ஊர் வண்டியாயின் அடிப்பாகத்தைக் குனிந்து பாருங்கள். உப்புக்காற்று இரும்பை மெல்ல மெல்லத் தின்றிருக்கும்.

வண்டி நன்றாயினும் பத்திரம் நன்றாயிருத்தல் வேண்டும். பதிவுப் புத்தகத்திலுள்ள இயந்திர இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் வண்டியிற் பொறித்தவற்றுடன் பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுங்கள். குத்தகைக் கடனில் வாங்கிய வண்டியாயின், கடன் தீரும்வரை நிதி நிறுவனமே முழு உரிமையாளராகப் பதியப்பட்டிருக்கும். கையொப்பமிட்ட வெறும் படிவத்தை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமல் ஓட்டுவது நம்மிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. நாளை விபத்தொன்று நேரின், வாங்கியவர், விற்றவர் இருவருமே வழக்கில் அலைய நேரும்.

வாங்கிய பின் சிக்கனம் ஓட்டுபவர் கையிலுள்ளது. வான் அகன்ற முகமுடையது. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஆகவே, வேகத்தைச் சற்றுத் தணிப்பதே மலிவான எரிபொருள் எனலாம். ரயர்களில் உரிய காற்று, தூய்மையான காற்று வடிகட்டி, தேவையற்ற கூரைச் சட்டத்தைக் கழற்றி வைத்தல் ஆகிய இவையும் துணைசெய்யும்.

ஈற்றில், ஒரு பாடசாலையின் பொறுப்பிலுள்ளவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க இயலாது. கணக்குப் பாராமல் வாங்கிய வான் நட்டத்தில் ஓடும்போது, அந்நட்டத்தை ஈடுசெய்யப் பத்துப் பிள்ளைகள் இருக்கவேண்டிய இடத்திற் பதினெட்டுப் பேர் நெருக்கி ஏற்றப்படுகின்றனர். தேய்ந்த ரயர் மாற்றப்படாமல் அடுத்த தவணைக்கு ஒத்திவைக்கப்படுகின்றது. பெரியவரின் தவறான கணக்குக்குச் சிறுவரின் உயிர் ஈடாக வைக்கப்படுகின்றது. ஆதலால், வான் வாங்க எண்ணியுள்ள நேயர்களே, வண்டியின் பளபளப்பைப் பார்க்குமுன் ஒரு தாளை எடுத்து, எத்தனை பேர், எவ்வளவு தூரம், கிலோமீற்றருக்கு எத்தனை ரூபா என்ற மூன்று வரிகளை எழுதிப் பாருங்கள். அத்தாளின் விடை சரியென்று கண்ட பின்னரே பணத்தை எண்ணிக் கொடுங்கள்.