கைக்கேற்ற கருவி



விளையாட்டு என்றதும் ஓடுதலும் தாவுதலுமே நம் நினைவுக்கு வருகின்றன. இக்காலத்து இளைஞரோ திரையின் முன் இருந்தவாறே ஓடுகின்றனர், தாவுகின்றனர், கடல் கடந்த நாட்டவரோடு போட்டியிடுகின்றனர். வீடியோ விளையாட்டு எனப்படும் இதற்குக் கால்வலிமை வேண்டுவதில்லை. ஆதலின், உடல் இயலாமை உடையார்க்கு இதனினும் ஏற்ற விளையாட்டு வேறில்லை என்று எண்ணத் தோன்றும். ஆயினும் நிலைமை அத்துணை எளிதன்று.

காரணம் யாது? இவ்விளையாட்டுக்கு வழக்கமாக வரும் இயக்குகருவியை இரு கைகளாலும் பற்றுதல் வேண்டும். அதில் இரண்டு சிறு கோல்களும் பத்துக்கு மேற்பட்ட பொத்தான்களும் உள. விரல்கள் யாவும் நொடிப்பொழுதில் ஏவல் கேட்கும் ஒருவரை மனத்திற் கொண்டே அஃது அமைக்கப்பட்டது. பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்தவரும், தசைநலிவு நோயால் விரல் வலுவிழந்தவரும் வாயிலிலேயே நின்றுவிடுகின்றனர்.

இத்தடையை நீக்கும் முயற்சி புதியதன்று. 1989ஆம் ஆண்டிலேயே யப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ, மார்பில் அணியும் கருவியொன்றை வெளியிட்டது. குழலொன்றில் ஊதியும் உறிஞ்சியும் அதன் பொத்தான்களுக்குரிய வேலையைச் செய்யலாம். 2018இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் வெளியிட்ட கருவியில் இரண்டு பெரிய பொத்தான்களும், பின்புறத்தே 19 செருகுதுளைகளும் உள்ளன. அத்துளைகளில் காலால் மிதிப்பதையோ, முழங்கையால் தட்டுவதையோ, தலையாற் சாய்ப்பதையோ இணைத்துக் கொள்ளலாம். எதனை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பவர் விளையாடுபவரே. 2023இல் சோனி நிறுவனமும் இத்தகைய கருவியொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது.

எனினும், கருவி மட்டும் போதாது. மைக்ரோசொப்ட் கருவியின் தொடக்க விலையே ஏறத்தாழ 100 அமெரிக்க டொலர். இணைக்கும் பொத்தான்களை வேறாக வாங்குதல் வேண்டும். எளிய குடும்பத்தார் இதனைத் தாங்குவரோ? ஆகவே விளையாட்டை ஆக்குவோரின் பொறுப்பே பெரிதாகின்றது. மீண்டும் மீண்டும் அழுத்த வேண்டிய பொத்தானை ஒருமுறை அழுத்திப் பிடித்தாற் போதும் என்று விதிக்கலாம். பொத்தான்களின் பணியை இடமாற்ற விடலாம். வேகத்தைக் குறைக்க விடலாம். 2018இல் வெளிவந்த 'செலஸ்ட்' என்னும் விளையாட்டு, வேகத்தைக் குறைத்தாட இடமளித்தது. 2020இல் வந்த 'த லாஸ்ட் ஒவ் அஸ்' இரண்டாம் பாகத்தில் இத்தகைய வசதிகள் அறுபதுக்கும் மேல். இவற்றிற்காக விளையாடுபவர் தனியே ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை.

விளையாட்டின் கடுமை இதனாற் கெடுமே என்பர் சிலர். கண்ணாடி அணிந்து படித்தவனை நோக்கி, நீ அந்நூலைப் படிக்கவில்லை என்று நாம் கூறுகின்றோமா? வேண்டாதார் அவ்வசதியைத் தொடாது விடலாம். வேண்டுவோர்க்கு அஃது இல்லையெனில் விளையாட்டே இல்லை.

2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் பிறரோடு சமமாகப் பங்குகொள்ள அவர்க்கு வழிசெய்யுமாறு பணிக்கின்றது. இலங்கையும் 2016இல் அதனை ஏற்புறுதி செய்தது. மருந்தும் ஊன்றுகோலும் ஈந்ததோடு கடமை தீர்ந்ததென நாம் அமைதல் தகாது. தோழரோடு ஆடி வெல்லவும் தோற்கவும் அவர்க்கும் இடமிருத்தல் வேண்டும். அவ்விடத்தை விளையாட்டு ஆக்கப்பட்ட பின்னர் ஒட்டுப்போட்டுச் சேர்ப்பதை விடுத்து, வரையத் தொடங்கும் நாளிலேயே வகுத்தல் அறிவுடைமையாம்.