முதுகுவலிக்காரரிடம் கேட்க வேண்டியவை



முதுகெலும்புத் தொற்றை மருத்துவர்களாகிய நாம் ஏன் தாமதமாகக் கண்டுபிடிக்கிறோம்? பினாங்கிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 45 வயது ஆட்டுப்பண்ணைக்காரர் ஒருவர் மூன்று வாரக் காய்ச்சல், தலைவலி, வியர்வையோடு வந்தார். டிங்கி இல்லை, மலேரியா இல்லை, எலிக்காய்ச்சலும் இல்லை. ரத்தக் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. காய்ச்சாத ஆட்டுப்பாலைக் குடித்ததோடு விற்றும் வந்தார் என்ற தகவல்தான் புருசெல்லா என்ற பாக்டீரியாவுக்கான சோதனைக்கு வழிகாட்டியது. ஓராண்டுக்குள் அந்தப் பண்ணைப் பாலைக் குடித்த 79 பேருக்கு அதே புருசெல்லா நோய் உறுதியானது. அறிகுறி தொடங்கி நோய் தெரியச் சராசரியாக 53 நாள். ஒருவருக்கோ 210 நாள். ரத்த மாதிரிகளைக் கையாண்ட ஆய்வுக்கூடப் பணியாளர் நால்வரையும் அது தொற்றியது. 2015இல் வெளியான இந்த அறிக்கையை இளம் மருத்துவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

முதுகெலும்பில் புருசெல்லா அடிக்கடி போய்த் தங்குமிடம் இடுப்புப் பகுதி முள்ளெலும்பு. ஆனால் முதுகெலும்பைத் தாக்கும் கிருமி அது ஒன்றுதான் என்றில்லை. சீழ்த்தொற்றில் முன்னே நிற்பது ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ். காலில் ஆறாத புண், டயாலிசிஸ் குழாய், சிறுநீர்த் தொற்று எதிலிருந்தும் கிருமி ரத்தத்தோடு முதுகெலும்புக்குப் போய்விடும். அடுத்தடுத்த இரு முள்ளெலும்புகளுக்கு ஒரே தமனியின் கிளைகள் பாய்வதால் இரண்டும், நடுவிலுள்ள வட்டும் சேர்ந்தே கெடுகின்றன. காசநோயில் வட்டு சில காலம் தப்பிக்கும். படத்தில் அந்த வேறுபாட்டைத் தேடுங்கள். 1912இல் ரங்கூனிலிருந்து விட்மோரும் கிருஷ்ணசாமியும் விவரித்த மெலியாய்டோசிஸ் நோயின் கிருமி நம் மண்ணிலும் ஈரத்திலும் வாழ்கிறது. வழக்கமான மருந்துகள் பலவற்றுக்கு அது மசியாது.

இவற்றில் பலவற்றுக்கும் கதவைத் திறந்துவிடுவது இனிப்புநீர். 2019 தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது இருந்தது. ஆகவே இனிப்புநீர்க்காரர் முதுகுவலி என்று வந்தால், படுத்தாலும் வலி குறையவில்லையா, இரவில் எழுப்புகிறதா என்று கேளுங்கள். காய்ச்சல் இல்லையே என்று நிம்மதியடைய வேண்டாம். பலருக்கு அது வருவதே இல்லை. முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயும் ஒன்றும் காட்டாமல் போகலாம். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. உயர்ந்திருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கத் தயங்காதீர்கள்.

என் மனத்தை மிகவும் வருத்துவது இன்னொன்று. கிளினிக்கிலேயே ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். பிறகு ரத்தத்திலோ, ஊசிவழி எடுத்த எலும்புத் திசுவிலோ கிருமி வளர மறுக்கிறது. எந்தக் கிருமி என்று தெரியாமலே நோயாளி வாரக்கணக்கில் மருந்து சாப்பிடுகிறார். கால் பலவீனமாகிறது, ரத்த அழுத்தம் சரிகிறது என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. அந்த அவசரம் இல்லாதவருக்கு முதலில் கல்ச்சர், பிறகு மருந்து.

ஜார்ஜ்டவுனில் நடக்கும் இந்த இரண்டு நாள் கூட்டத்தில் ஒரு பொதுப் பரிந்துரைப் படிவத்தை நாம் முடிவுசெய்ய வேண்டும். நோயாளியின் தொழில், குடித்த பால், இனிப்புநீர், பழைய காசநோய், ஏற்கெனவே சாப்பிட்ட மருந்து, சந்தேகிக்கும் கிருமி ஆகிய எல்லாம் அதில் இருக்கட்டும். ஆய்வுக்கூடத்துக்கும் அதன் நகல் ஒன்று மாதிரியோடு சேர்ந்தே போகட்டும்.