கோளாறு கைபேசியில், வெட்டு கூலியிலா?
(செட்டிகுளத்தில் பேசியது)

தோழர்களே! இரவில் கைபேசியில் புதுப்பதிப்பு ஏறுகிறது. விடிந்தால் சார்ஜ் நிற்பதில்லை, படம் போவதில்லை. வெங்காயக் காட்டுக் கூலியில் வாங்கிய போன்!

2018-ல் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ, சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. குற்றம் என்ன? பழைய போன்களை மந்தமாக்கிய புதுப்பதிப்புகளை ஏற்றச் சொன்னது.

நமக்கோ கூலியே போயிற்று. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலையில் தினம் இருமுறை படம் ஏற்றினால்தான் வருகை என்றார்கள். செயலி முடங்கினால் மண் வெட்டியவர் கதி என்ன?

பாதுகாப்புப் புதுப்பதிப்பை ஒதுக்க வேண்டாம். எண்களையும் படங்களையும் பிரதி எடுத்துக்கொண்டு ஏற்றுவோம். எந்த வேலைத்தலமானாலும் கையால் எழுதும் வருகைப் பதிவேடும் வேண்டுமெனக் கோருவோம். வெட்டிய குழி கண்முன் கிடக்கிறது. அதற்குக் கூலி கொடு!